காட்டுக்குள்ளே ஒரு காலட்சேபம்

1909ஆம் வருஷம் ஜனவரி மாதம். நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, ஹட்ஸன் நதியின் மேற்குக் கரையில், கரடி மலை என்று பெயர் பெற்ற ஒரு குன்றின் அடிவாரத்தில் கைதிகள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஸிங் ஸிங் என்ற பிரசித்தமான சிறைச்சாலை பழசாகிப் போய்விட்டது. அதை இங்கே புதிதாகக் கட்டிவிடுவது என்று மாநில சர்க்கார் தீர்மானித்து நிலத்தையும் வாங்கிவிட்டது. அடைபட்டுக் கிடக்கப் போகிறவர்களே அடைக்கிற இடத்துக்குக் காடு திருத்தினார்கள்.

பக்கத்து மலைகளில் எட்வர்ட் ஹாரிமன் என்ற ரயில்வே அதிபருக்கு ஏராளமான நிலம் இருந்தது. தம் எஸ்டேட்டுக்கு அண்டையில் சிறைச்சாலை வருவது யாருக்குத்தான் பிடிக்கும்? அவர் அந்த வருஷமே செப்டம்பரில் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி மேரி ஹாரிமன் அம்மாள் கெட்டிக்காரி. கவர்னரோடு சண்டை பிடிக்கவில்லை. பத்தாயிரம் ஏக்கர் நிலமும் பத்து லட்சம் டாலர் ரொக்கமும் தருகிறேன், அதை ஜனங்களுக்கான வனப்பூங்காவாக ஆக்குங்கள், ஆனால் சிறைச்சாலை வரக்கூடாது என்றாள். சர்க்கார் சம்மதித்தது. மோர்கன், ராக்பெல்லர் முதலிய தனவந்தர்களும் பணம் போட்டார்கள். 1910 அக்டோபர் 29ஆம் தேதி, அம்மாளின் மகன், பதினெட்டு வயதுப் பிள்ளை அவெரெல் ஹாரிமன், பத்திரத்தையும் செக்கையும் கொண்டுவந்து கொடுத்தான். பிற்காலத்தில் அந்தப் பிள்ளையே நியூயார்க் கவர்னராக வந்தது தனிக் கதை.

சிறை போய்ப் பூங்கா வந்தது. ஆனால் பூங்கா வந்தவுடன் சர்க்காருக்கு ஒரு புதுச் சங்கடமும் வந்தது. சிறைச்சாலையில் உள்ளே இருப்பவர்களை என்ன செய்வதென்று சட்டப் புத்தகம் சொல்லும். பூங்காவுக்குள் வருகிறவர்களை என்ன செய்வது? 1913இல் கரடி மலையைத் திறந்துவிட்டார்கள். நியூயார்க்கிலிருந்து நீராவிப் படகுகளில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். மாடிக் குடியிருப்புகளில் வெளிச்சம் காணாமல் கிடந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கட்டுச்சோற்றைத் தின்றார்கள், காகிதத்தைப் போட்டார்கள், கிளையை ஒடித்தார்கள், சாயங்காலப் படகில் ஏறிப் போனார்கள். காட்டுக்குள் வந்துவிட்டுக் காட்டைப் பார்க்காமலே போனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பரிச்சயம் இல்லாத வீட்டில் யாரும் நம்மை உட்காரச் சொல்லாவிட்டால் நாமும் வாசலோடுதானே திரும்புகிறோம்!

'உட்காருங்கள், இது இன்னார், அது இன்னார்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் எப்படி வந்தார் என்பதைத்தான் இங்கே எழுத உத்தேசம்.

பூங்கா என்றதும் நமக்கு முனிசிபல் பார்க்குதான் ஞாபகம் வரும். சிமெண்டு பெஞ்சு, தண்ணீர் வராத நீரூற்று, 'புல் மேல் நடக்காதே' என்ற பலகை. அமெரிக்காவில் மாநிலப் பூங்கா என்பது அப்படியல்ல. மலையும் ஏரியும் காடுமாகப் பரந்து கிடக்கிற ஒரு பிரதேசம். அதற்குள் பாதைகள், கூடாரம் போட இடங்கள், மரத்தால் கட்டிய குடில்கள். வாஷிங்டன் சர்க்காரின் தேசியப் பூங்காக்கள் வேறு. இவை அந்தந்த மாநிலத்துக்குச் சொந்தம். தேசியப் பூங்காவுக்கு வருஷக்கணக்கில் பணம் சேர்த்துக்கொண்டு யாத்திரை போல் போவார்கள். மாநிலப் பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவார்கள். ஆகையால் சாமானிய ஜனங்களின் கூட்டம் இங்கேதான் அதிகம்.

கோடை விடுமுறை அங்கே ஜூன் முதல் செப்டம்பர் ஆரம்பம் வரையில். அந்த நாட்களில் பூங்காவின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கும். விடியற்காலையில் பறவை பார்க்கப் போகலாம், பத்து மணிக்கு இயற்கை உலா, பிற்பகலில் குழந்தைகளுக்குக் குளத்து ஜந்துக்கள், இரவில் தீ மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்து பேச்சு. இதையெல்லாம் நடத்துகிறவரை இயற்கை வழிகாட்டி என்று சொல்லலாம். பெரும்பாலும் விடுமுறையில் இருக்கும் பள்ளிக்கூட வாத்தியார், அல்லது கல்லூரி மாணவர். மூன்று மாதச் சம்பளம். செப்டம்பர் வந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டின் மூல புருஷர்களில் ஒருவர் ஹோட்டல்காரர் என்றால் ஆச்சரியமாக இருக்கும். ஈனாஸ் மில்ஸ் என்று பெயர். கான்ஸாஸில் 1870இல் பிறந்தவர். சிறு வயதில் உடம்புக்கு ஆகாமல் கொலராடோ மலைகளுக்கு வந்தார். மலை அவரைப் பிடித்துக்கொண்டது. 14,000 அடிக்கு மேல் உயரமான லாங்க்ஸ் சிகரத்தில் இருநூறு தடவைக்கு மேல் ஏறியவர். அதன் அடிவாரத்தில் ஒரு விடுதி நடத்தினார். அங்கே குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, நடனம் கிடையாது. பின்னே விருந்தாளிகள் பொழுதை எப்படித்தான் போக்குவார்கள்? கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து மில்ஸ் சொல்லும் நீர்நாய்க் கதையையும் பனிச்சரிவுக் கதையையும் கேட்பார்கள். பகலில் அவரோடு நடப்பார்கள். சிகரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற வழிகாட்டி ஒரு ரகம், போகிற வழியில் கண்ணைத் திறந்துவிடுகிற வழிகாட்டி வேறு ரகம் என்பது அவர் கட்சி. இரண்டாவது ரகத்துக்கு ஒரு தொழிற்பெயரே சூட்டி, ஒரு பயிற்சியும் நடத்தி, 1920இல் புத்தகமும் எழுதினார். இரண்டே வருஷத்தில் கண்ணை மூடிவிட்டார்.

அவரிடம் தேர்ந்தவர்களில் இரண்டு சகோதரிகள் முக்கியமானவர்கள்: எஸ்தர் பர்னெல், எலிஸபெத் பர்னெல். 1917இல் இருவரும் தேசியப் பூங்கா இலாகாவிடம் இயற்கை வழிகாட்டி லைசென்ஸ் பெற்றார்கள். பெண்களில் இவர்களே முதல். ஆனால் லைசென்ஸில் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருந்தது. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே கூட்டிப்போவதென்றால் ஓர் ஆண் வழிகாட்டியும் உடன் வர வேண்டும்! இந்த எஸ்தர் பனிக்காலத்தில் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு தன்னந்தனியாக மலைத்தொடரைக் கடந்தவள். அவளுக்குத் துணை எதற்கு என்று சர்க்கார் யோசிக்கவில்லை. மறு வருஷம் எஸ்தர் மில்ஸையே கல்யாணம் செய்துகொண்டாள்.

மில்ஸ் தனி மனிதர். அவர் விடுதியில் தங்க வசதி படைத்தவர்களுக்குத்தான் அவர் பேச்சு கிடைத்தது. அதைச் சர்க்கார் செலவில் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று தோன்றியது கலிபோர்னியாவில். 1919 கோடையில் டாஹோ ஏரிக்கரை விடுதிகளில் லாய் மில்லர் என்ற பேராசிரியர் பறவைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தேசியப் பூங்காக்களின் டைரக்டர் ஸ்டீபன் மேதர் அந்தப் பக்கமாக வந்தவர், ஜனங்கள் கூட்டமாகக் கேட்பதைப் பார்த்தார். மறு கோடையிலேயே மில்லரும், ஹெரால்ட் பிரையண்ட் என்பவரும் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் இலவச உலாக்களை ஆரம்பித்துவிட்டார்கள். பிரையண்ட் அதோடு நிற்கவில்லை. 1925இல் வழிகாட்டிகளைத் தயார் செய்ய ஒரு கோடைப் பள்ளிக்கூடமும் வைத்தார். 1953 வரை அது நடந்தது. டாஹோவில் நடந்த அந்த முதல் கோடைப் பேச்சுகளுக்குப் பின்னால் நின்று பணம் கொடுத்தவர் ஸாக்ரமெண்டோ நகரத்துப் பணக்காரர் சார்லஸ் கெத்தே. இந்தப் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறார்.

மாநிலப் பூங்காக்களில் இதை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டது இண்டியானா. அந்த மாநிலத்தின் பூங்காக் கதையில் ஒரு பத்திரிகை எழுத்தாளர் வருவதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. ஜூலியட் ஸ்ட்ராஸ் என்ற அம்மாள் கிராமாந்தரத்துக் குடும்பப் பெண். பத்திரிகையில் வாரா வாரம் வீட்டு விஷயம் எழுதுகிறவள். தன் ஊருக்குப் பக்கத்தில் டர்க்கி ரன் என்ற காட்டை மரக் கம்பெனிகள் கொத்திக்கொண்டு போகப் போகின்றன என்று தெரிந்ததும், 1915இல் கவர்னருக்குக் கடிதம் எழுதினாள். அவர் ஒரு கமிட்டி போட்டார். ரிச்சர்ட் லீபர் என்ற ஜெர்மனியில் பிறந்த வியாபாரி முன்னின்று நிதி திரட்டினார். 1916 மே மாதம் ஏலம். கடைசியில் நூறு டாலர் வித்தியாசத்தில் 30,200 டாலருக்கு மரக் கம்பெனி அடித்துக்கொண்டு போய்விட்டது! ஏலம் போன இடத்தில் அந்த அம்மாளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் கற்பனை செய்து பார்க்க முடிகிறது. லீபர் விடவில்லை. மோட்டார்ப் பந்தய மைதானத்துப் பங்காளி ஒருவர் ஐயாயிரம் டாலர் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து அதே காட்டை 40,200 டாலருக்கு அதே கம்பெனியிடம் வாங்கினார்கள். ஆறு மாதத்தில் பத்தாயிரம் டாலர் லாபம். ஒரு மரமும் வெட்டாமலே.

லீபர் பூங்காவுக்கு வருகிறவர்களிடம் தலைக்குப் பத்து ஸென்ட் வசூலித்தார். இனாமாகக் கிடைப்பதை ஜனங்கள் மதிக்கமாட்டார்கள் என்பது வியாபாரியின் கணக்கு. ஆனால் காசு வாங்கினால் எதையாவது கொடுக்க வேண்டுமே! 1923 கோடையில் மெக்கார்மிக்ஸ் கிரீக் என்ற பூங்காவில் லூஸி பிட்ஷ்லர் என்ற பெண்மணி விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். இண்டியானாவின் வழிகாட்டிப் பரம்பரை அவளிடமிருந்துதான் தொடங்குகிறது. 2023இல் நூற்றாண்டு விழாக் கொண்டாடினார்கள்.

மறுபடியும் ஹட்ஸன் நதிக்கரைக்கு வருவோம். அங்கேதான் விஷயம் ருசியாக இருக்கிறது.

நியூயார்க் இயற்கை விஞ்ஞானக் காட்சிசாலையில் பூச்சிப் பகுதிக்குத் தலைவராக பிராங்க் லட்ஸ் என்று ஒருவர் இருந்தார். விளையாட்டுப் புத்தி நிறைந்த விஞ்ஞானி. தம் வீட்டுத் தோட்டத்திலேயே ஐந்நூறு வகைப் பூச்சிகள் அகப்படும், அதற்கு மேல் அகப்படும் ஒவ்வொரு வகைக்கும் பத்து டாலர் சம்பளம் கூட்டுவீர்களா என்று காட்சிசாலை டைரக்டரைக் கேட்டாராம். டைரக்டர் நல்லவேளையாக ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணிப் பார்த்ததில் 1,402 வகை தேறிற்று. 75 அடிக்கு 200 அடி மனைக்கட்டுத்தான்!

இந்த லட்ஸ் 1925இல் ஹாரிமன் மலைகளில் டக்ஸிடோ என்ற ஊருக்குப் பக்கத்தில் பூச்சி ஆராய்ச்சி நிலையம் ஒன்று வைத்தார். எல்லோருக்கும் கூடவே ஒரு வழிகாட்டியை அனுப்ப முடியாது, ஆள் பற்றாது. வழிகாட்டியின் பேச்சைச் சீட்டில் எழுதி மரத்தில் கட்டிவிட்டால் என்ன? அப்படியே செய்தார். இது இன்ன மரம், இந்த இலையில் ஓட்டை போட்டவன் இவன், குனிந்து பார், அடியில் முட்டை இருக்கும் என்று, லத்தீன் வாடை இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது மாதிரி. இதற்குப் பயிற்சிப் பாதை என்று பெயர். அதைத் தாண்டினால் இன்னொரு பாதை. அதன் பெயர் பரீட்சைப் பாதை. அங்கே சீட்டில் பதில் இருக்காது, கேள்விதான் இருக்கும். சற்றுமுன் சந்தித்த மரத்தை இங்கே அடையாளம் தெரிகிறதா? பரீட்சை என்றாலே காத தூரம் ஓடுகிற ஜனங்கள் இந்தப் பரீட்சைக்கு விரும்பிப் போய் உட்கார்ந்தார்கள், மன்னிக்கவும், நடந்தார்கள். மார்க்குப் போட ஆள் இல்லாததுதான் அதன் கவர்ச்சி என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே காட்சிசாலையைச் சேர்ந்த வில்லியம் கார் என்ற இளைஞர் 1927இல் இந்த யோசனையைக் கரடி மலைக்குக் கொண்டுவந்தார். படகிலிருந்து கூட்டம் இறங்குகிற இடத்துக்கு அருகிலேயே பாதை போட்டு, பாதையோரத்தில் காட்சிசாலையும் கட்டினார். அந்த வட்டாரத்துப் பாம்பும் ஆமையும் ஆந்தையும் அங்கே உயிரோடு இருக்கும். அமெரிக்கச் சுதந்தர யுத்தத்தில் 1777இல் பிரிட்டிஷார் பிடித்த கிளிண்டன் கோட்டையின் மண்மேடு அந்தப் பாதையிலேயே இருந்தது; அதையும் சேர்த்துக்கொண்டார். இந்தப் பக்கம் அணில், அந்தப் பக்கம் பீரங்கி மேடு. சரித்திரத்தையும் சாஸ்திரத்தையும் தனித்தனி வகுப்பில் வைத்துப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இது ஒரு நல்ல பதில். கார் பிற்பாடு அரிஸோனாவுக்குப் போய், 1952இல் அங்கே பாலைவனத்துக்கென்றே ஒரு காட்சிசாலை தொடங்கப் பாடுபட்டார். அதுவும் இருக்கிறது; கரடி மலையில் போட்டதும் இன்றைக்கும் இருக்கிறது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரையில் இரண்டாயிரம் மைலுக்கு மேல் ஓடுகிற அப்பலேச்சியன் நடைபாதை அந்த மிருகக்காட்சிச் சாலைக்குள் புகுந்துதான் போகிறது. முழுப் பாதையிலும் மிகத் தாழ்ந்த இடமும் அதுவே என்பார்கள்.

அந்த நாளில் அங்கே பத்து மணி உலாவுக்குப் போனவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? பட்ட மரம் ஒன்று கிடைத்திருக்கும். செஸ்ட்நட் என்ற மரம் அந்தக் காடுகளுக்கு ராஜா மாதிரி. 1904இல் நியூயார்க் மிருகக்காட்சிச் சாலையில் ஒரு காளான் நோய் அதற்கு வந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆசியாவிலிருந்து கப்பலேறி வந்த மரக்கன்றுகளோடு வந்த நோய். அரை நூற்றாண்டுக்குள் கிழக்கு அமெரிக்கா முழுவதும் கோடிக்கணக்கில் மரங்கள் மாண்டுபோயின. இருபதுகளில் ஹட்ஸன் மலைகளில் அவை நின்றவாக்கிலேயே செத்துக்கொண்டிருந்தன. கப்பல் துறையில் வேலை பார்க்கிற தகப்பன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால், அந்தப் பட்ட மரம் அவனுக்கு வெறும் மரமாகவா தோன்றியிருக்கும்?

மழை பெய்து ஓய்ந்திருந்தால் சுண்டுவிரல் நீளத்தில், பளீரென்ற ஆரஞ்சு வர்ணத்தில் ஒரு பிராணி பாதையில் ஊர்ந்து வரும். பார்வைக்குப் பல்லி, பிறப்பால் தவளைக்கு உறவு. நியூட் என்பார்கள். குளத்தில் பிறந்து, வயசு வந்ததும் கரையேறி, சில வருஷம் காட்டில் ஆரஞ்சுச் சட்டையோடு திரிந்து, பிறகு பச்சைச் சட்டைக்கு மாறிக் குளத்துக்கே திரும்புகிறது. எங்கோ போய்விட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பும் கதை எத்தனை தடவை சொன்னாலும் எடுபடும் என்பது என் தொழில் அநுபவம்.

கீழே விழுந்து மக்குகிற கட்டையைப் புரட்டி அடியில் இருக்கும் உலகத்தைக் காட்டிவிட்டு, இருந்தபடியே கட்டையைத் திருப்பி வைத்துவிட வேண்டும். அது அந்தத் தொழிலின் ஆசாரம். அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்தோம், வேய்ந்துவிட்டுப் போகவேண்டாமா? இரவு உலாவில் டார்ச் விளக்குக்குச் சிவப்புக் காகிதம் கட்டிக்கொள்வார்கள். கண் இருட்டுக்குப் பழகினது பழகினபடியே இருக்கும். உடம்பில் பட்டை போட்ட ஆந்தை ஒன்று உண்டு. வழிகாட்டி கையைக் குவித்து அதைப் போலக் கூவுவார். நிசப்தம். இன்னொரு தடவை. தூரத்தில் பதில் குரல் கேட்டால் குழந்தைகள் அம்மாவின் புடவைத் தலைப்பை, அதாவது பாவாடையை, இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இரவுத் தீயைச் சுற்றி நடக்கிற பேச்சை நான் காலட்சேபம் என்றுதான் சொல்வேன். முதலில் ஒரு பாட்டு, எல்லோரும் சேர்ந்து. பிறகு கதை. பழைய நாளில் கையால் வர்ணம் தீட்டின கண்ணாடிப் படங்களை விளக்கு வைத்துத் திரையில் காட்டுவார்கள். நடுநடுவே ஒரு ஹாஸ்யம். பாகவதருக்கு ஜால்ரா உண்டு, இவருக்குச் சுவர்க்கோழி. கேட்பவர்கள் தூங்கிவிட்டால் இருவர் பாடும் ஒன்றே.

இந்தத் தொழிலுக்கு இலக்கணம் எழுதினவர் விஞ்ஞானி அல்ல, ஒரு கதாசிரியர்! எனக்கு இந்தச் சரித்திரத்தில் சிரத்தை வந்ததே அவரால்தான். பிரீமன் டில்டன் என்று பெயர். 1883இல் பிறந்தவர். நிருபராக வேலை பார்த்து, பத்திரிகைக் கதைகளும் நாவல்களும் நாடகங்களும் எழுதிச் சம்பாதித்தவர். ஐம்பத்தெட்டு வயதில் கதை எழுதி அலுத்துவிட்டது. பூங்கா இலாகா டைரக்டராக இருந்த நண்பரிடம் போனார். அவர் பூங்காக்களைச் சுற்றிப் பார்த்து எழுதச் சொன்னார். கிழவர் ஊர் ஊராகப் போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்று வழிகாட்டிகளின் பேச்சைக் கேட்டார். 1957இல் ஒரு சிறிய புத்தகம் வெளியிட்டார். அதில் ஆறு விதிகள். கேட்கிறவனின் சொந்த அநுபவத்தை எங்கேயாவது தொடாத பேச்சினால் பிரயோஜனம் இல்லை என்பது முதல் விதி. தகவலை அடுக்குவது வேறு, விளங்க வைப்பது வேறு. பாடம் புகட்டுவதைவிட ஆவலைக் கிளப்பிவிடுவதே காரியம். குழந்தைகளுக்குப் பெரியவர்கள் பேச்சில் தண்ணீர் விட்டுக் கொடுக்கக் கூடாது, அவர்களுக்கென்று தனியாகச் சமைக்க வேண்டும் என்றெல்லாம் மற்றவை போகின்றன. விஞ்ஞானி ஆயுள் முழுவதும் யோசித்தாலும் அந்த முதல் விதி கிடைத்திராது. முதல் பாராவில் வாசகன் தன்னைக் காணாவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவான் என்று பத்திரிகை ஆசிரியர்களிடம் வருஷக்கணக்காகக் கதை திரும்பி வந்து வந்து கற்றுக்கொண்டவருக்குத்தான் அது தெரியும். 1962இல் மாநிலப் பூங்காக்களுக்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். தொண்ணூற்றாறு வயது வரை இருந்துவிட்டு 1980இல் காலமானார்.

கேட்பவனைத் தொட வேண்டும் என்றாரே, அந்தக் கேட்பவன் யார்? கூட்டத்தில் நிற்க யாருக்கு அநுமதி? இங்கேதான் கதை கசக்கிறது.

ஸாக்ரமெண்டோ கெத்தேயை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏரிக்கரையில் ஏழை எளியவர்களுக்கும் பறவைப் பாட்டை விளக்கப் பணம் கொடுத்த அதே மனிதர், மனிதர்களில் நல்ல ஜாதி கெட்ட ஜாதி என்று பிரித்து, கெட்டது பெருகாமல் தடுக்க வேண்டும் என்ற இயக்கத்துக்கும் பணம் கொடுத்தார். முப்பதுகளில் ஹிட்லரின் ஜெர்மனி கட்டாயக் கருத்தடை செய்வதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மெச்சினார். கலிபோர்னியாவிலேயே 1909ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் சுமார் இருபதாயிரம் பேருக்கு அப்படிச் செய்தார்கள். அந்தச் சட்டம் 1979இல்தான் ஒழிந்தது. கெத்தே 1966இல் இறந்தபோது ஊரெல்லாம் அவர் பெயர் இருந்தது. நம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். அவர் பெயர் தாங்கிய பள்ளிக்கூடத்துக்கு 2007இல் ரோஸா பார்க்ஸ் பெயரை வைத்தார்கள். கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளைக் காப்பாற்ற 1918இல் சங்கம் கண்ட மூவரில் ஒருவரான மாடிஸன் கிராண்ட்டும் இதே கொள்கைக்காரர். வெள்ளை இனத்தில் உயர்ந்த பிரிவு அழிகிறதே என்று புலம்பி 1916இல் புத்தகம் போட்டவர். ஒரு மாநிலப் பூங்காவில் இருந்த அவருடைய ஞாபகக் கல்லை 2021இல் அகற்றினார்கள். அபூர்வ மரத்தைக் காப்பாற்றுவதும் 'அபூர்வ' மனிதனைக் காப்பாற்றுவதும் அவர்களுக்கு ஒரே காரியமாகப் பட்டது. காட்டை நேசிக்கிறவன் மனிதனையும் நேசிப்பான் என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம்.

இது பிரபுக்களின் மனசு. நடைமுறை இன்னும் வெளிப்படையானது. 1933இல் ரூஸ்வெல்ட் வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு ஒரு சேவைப்படை திரட்டினார். மாதம் முப்பது டாலர். அதில் இருபத்தைந்து வீட்டுக்குப் போய்விடும். ஒன்பது வருஷத்தில் முப்பது லட்சம் பேர் வேலை செய்து எண்ணூறு பூங்காக்களை உருவாக்கினார்கள். இரவுப் பேச்சுக்கு அரைவட்டமாகக் கட்டை பெஞ்சு போட்டது பல இடங்களில் அவர்கள்தாம். அந்தப் படையிலும் கறுப்பருக்குத் தனி முகாம். டென்னஸீயில் மெம்பிஸ் நகருக்கு அருகே கறுப்பர்களுக்கென்று தனியாக அமைத்த பூங்காவில், 1940இல் கறுப்பு இளைஞர்கள் நீச்சல் குளத்துக்குப் பள்ளம் தோண்டினபோது, மண்ணுக்கடியிலிருந்து பழைய செவ்விந்தியர் கிராமம் ஒன்று வெளிப்பட்டது. சுக்கலிஸா என்று பெயர் வைத்துப் பாதுகாத்தார்கள். தென் மாநிலங்களின் மற்ற பூங்காக்களில் அந்த இளைஞர்கள் போட்ட பாதையில் அவர்கள் நடக்க முடியாது. ஸவுத் கரோலினாவில் 1963இல் கோர்ட்டு, பாரபட்சம் கூடாது என்று தீர்ப்புச் சொன்னதும், சர்க்கார் எல்லாப் பூங்காக்களையும் இழுத்துப் பூட்டிவிட்டது. அடுத்த வருஷம் திறந்தார்கள். நீச்சலும் குடிலும் இல்லாமல். எல்லாம் பழையபடி நடக்க 1966 ஆயிற்று. கறுப்புக் குழந்தை ஒன்று வெள்ளைக் குழந்தையோடு ஒரே தண்ணீரில் காலை நனைப்பதைவிட, ஒருவருமே நனைக்காமல் இருப்பது மேல் என்று தோன்றியிருக்கிறது!

இவ்வளவுக்கும், பாதையோரத்துச் சீட்டு யோசனையில் லட்ஸுக்கு முந்தின ஒரு முயற்சி இருக்கிறது. 1904இல் யோசெமிட்டியின் தெற்கு எல்லையில் வவோனா என்ற இடத்தில், மேஜர் ஜான் பிகெலோ என்ற பட்டாள அதிகாரி ஒரு மரத்தோட்டம் ஏற்படுத்தி, பாதை போட்டு, செடிகளுக்குப் பெயர்ச்சீட்டுக் கட்ட உத்தரவிட்டார். அப்பொழுது அந்தக் காட்டைக் காவல் காத்தது பட்டாளம்தான். அவருடைய பட்டாளம் ஒன்பதாவது குதிரைப்படை. அதன் சிப்பாய்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள்.

வர்ஜீனியாவோடு முடித்துக்கொள்கிறேன். அந்த மாநிலம் 1936 ஜூன் 15ஆம் தேதி ஒரே நாளில் ஆறு பூங்காக்களைத் திறந்து புகழ் பெற்றது. பிரின்ஸ் எட்வர்ட் ஜில்லாவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஏரிகள். ஒன்று குட்வின் ஏரி, வெள்ளையருக்கு. மற்றது பிரின்ஸ் எட்வர்ட் ஏரி, கறுப்பருக்கு. 1948இல் கான்ராட் மார்ட்டின் என்ற கறுப்பர் வேறொரு மாநிலப் பூங்காவுக்குள் தம்மை விடவில்லை என்று சட்டப்படி கேட்டார். அவரை உள்ளே விடுவதற்குப் பதிலாகச் சர்க்கார் பணம் செலவழித்து, எட்வர்ட் ஏரியில் குடில்களும் வசதிகளும் கட்டி, 1950இல் அதைக் கறுப்பருக்கான தனி மாநிலப் பூங்கா என்று பலகை மாட்டித் திறந்தது. மறு வருஷம் அதே ஜில்லாவில் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண், தன் பள்ளிக்கூடத்தின் சீர்கேட்டைக் கண்டித்து மாணவர்களைத் திரட்டி வெளியேறினாள். அந்த வழக்கு மற்ற வழக்குகளோடு சேர்ந்து 1954இல் நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாயிற்று. ஜில்லாக்காரர்கள் 1959இல் சர்க்கார் பள்ளிக்கூடங்களை மூடி, ஐந்து வருஷம் மூடியே வைத்தார்கள்.

பூங்காவின் கதவு அறுபதுகளில் திறந்தது. பின்பு இரண்டு பூங்காக்களையும் ஒரே நிர்வாகத்தில் சேர்த்தார்கள். 1986இல் பழைய பெயர்கள் போய், இரட்டை ஏரி மாநிலப் பூங்கா என்று பெயர் வந்தது. எட்வர்ட் ஏரியைச் சுற்றி இப்போது ஒரு நடைபாதை ஓடுகிறது. நீர்நாய்ப் பாதை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.